பத்து மாத ராஜா

என் மைத்துனர் செஞ்சியில் அச்சகம் வைத்திருக்கிறார். மகனின் காதணி விழாவுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு செஞ்சி வரலாறும் போட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று எங்களுடையது. அன்று முதல் ஊரில் வீட்டுக்கு ஒரு வரலாற்றாசிரியர்.

"பதினாறு பக்கம்தான் மாமா. தப்பு கிப்பு இருந்தா பாத்துக் குடுங்க" என்று ப்ரூஃபையும் ஒரு பை அவித்த மல்லாட்டையையும் வைத்துவிட்டுப் போனார்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். முதல் பக்கத்தில் ராஜா தேசிங்கு கோட்டையைக் கட்டுகிறார். இரண்டாம் பக்கத்தில் நெற்களஞ்சியம், மூன்றில் கல்யாண மகால், நாலில் வேங்கடரமணர் கோயில். ஐந்தாம் பக்கத்தில் மசூதியையும் கட்டி முடித்துவிட்டார். ராஜாவா, மேஸ்திரியா என்று எனக்கே சந்தேகம்.

தேசிங்கு என்கிற தேஜ் சிங் ஒரு பந்தேல ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங் 1714 தொடக்கத்தில் இறந்த பிறகுதான் செஞ்சி அவர் கைக்கு வந்தது. கப்பத் தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, அந்த அக்டோபரிலேயே போர்க்களத்தில் மாண்டுபோனார். மொத்தம் பத்து மாதம். பத்து மாதமாக எங்கள் தெருச் சாக்கடைக்கு ஒரு மூடி போட முடியவில்லை. மனிதர் மூன்று மலையை வளைத்து மதில் எழுப்பினாராம்.

கோட்டைக்கு அடி போட்டவர்கள் கோன் வம்சத்தார் என்பது செவிவழி மரபு. இன்று நாம் அண்ணாந்து பார்ப்பதில் பெரும்பகுதி நாயக்கர் காலத்து வேலை. 1677இல் பிடித்த சிவாஜி மேலும் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கே உட்கார்ந்துகொண்டு ஔரங்கசீப்பின் படையை 1698 வரை ஏழெட்டு வருஷம் இழுத்தடித்தார். அவருக்குப் புத்தகத்தில் அரை வரி, அதிலும் பெயர் 'ராஜாராமன்'. அந்த மசூதியோ சாதத்துல்லா கான் பெயரில் நிற்பது. தன்னைக் கொன்றவர் பெயரில், அதுவும் செத்த பிறகு, தேசிங்கே மசூதி கட்டியிருந்தால் அந்தப் பெரிய மனசுக்குத் தனிப் புத்தகம் போடலாம்.

எதற்கும் நேரில் பார்த்துவிடுவோம் என்று ராஜகிரி ஏறினேன். சுமார் 800 அடி. பாதிப் படியிலேயே முழங்கால் வரலாறு பேச ஆரம்பித்துவிட்டது. உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவைத் தாண்டும் பாலத்தருகே பையைக் கீழே வைத்ததுதான் தாமதம், ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மதில்மேல் உட்கார்ந்து மல்லாட்டையை ஒவ்வொன்றாக, தோலை எனக்கும் பருப்பைத் தனக்குமாகப் பிரித்தது. பிறகு ப்ரூஃபை எடுத்துப் புரட்டி, ஏழாம் பக்கத்தை மட்டும் கிழித்து வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை வீசியது. தப்பே இல்லாத ஒரே பக்கம் அதுதான்.

திருத்தி முடித்தபோது தேசிங்குக்கு ஒரு பக்கம் தேறியது. மைத்துனர் முகம் தொங்கிவிட்டது.

"என்ன மாமா, ஊரையே காலி பண்ணிட்டீங்க?"

"இன்னொண்ணு இருக்கு. அட்டையில 'நீலவேணி மீது தேசிங்கு'ன்னு போட்டிருக்கீங்க. கதைப்பாடல்ல தேசிங்கோட குதிரை பாராசாரி. நீலவேணி அவன் கூட்டாளி மோவுத்துக்காரனோடது."

"அட்டை அடிச்சாச்சே மாமா! ஆயிரம்!"

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா உலக்கையை நிறுத்தினாள். எம்.ஜி.ஆர். நடித்து 1960இல் படம் வருவதற்கு முன்பே தேசிங்கு கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்தவள்.

"யார்றா சொன்னது நீலவேணி இல்லைன்னு? நீ கூட இருந்து பாத்தியா?"

"பாட்டுப் புஸ்தகத்துலயே இருக்கும்மா."

"புஸ்தகத்துல போட்டா நெசமாயிடுமா?"

மைத்துனர் நைசாகப் பேச்சை மாற்றினார். "போகட்டும் மாமா. பின்னட்டையில 'சரிபார்த்தவர்'னு உங்க படம் போடறேன். பொறந்த தேதி சொல்லுங்க."

"ஜூன் 1" என்றேன்.

அம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறியது. "ஜூன் மாசமா? மார்கழிப் பனியில போர்வை பத்தாம உன்னை என் முந்தானையில சுத்தி வெச்சிருந்தேன். பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப வாத்தியார் அவர் வசதிக்கு ஒரு தேதி போட்டுக்கிட்டார். அதைப் போய்ப் புஸ்தகத்துல போடறியே!"

மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மரியாதையாக என்னிடமே நீட்டினார்.