கண்டாங்கிச் சேலையும் ஐயா நடந்த வழியும்

அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலை நைந்ததும் தூளியானது. அண்ணனும் நானும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராக அதில்தான் ஆடித் தூங்கினோம். தூளி கிழிந்ததும் மடித்துத் தைத்து விரிப்பாக்கினார்கள். விரிப்பும் தேய்ந்தபின் பாதி விளக்குத் திரியாகவும் மீதி அடுப்படியில் கரித்துணியாகவும் போயிற்று. அதைப் பத்திரப்படுத்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்து எதற்கு உதவும் என்றுதான் பார்த்தார்கள்.

எழுபதுகளில் சிவகங்கைப் பக்கம் எங்களுக்குப் படம் போட்ட புத்தகம் என்றால் அம்புலிமாமாதான். 1947இல் தொடங்கிய பத்திரிகை. சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், தோளில் வேதாளத்தைச் சுமந்தபடி மாதாமாதம் வருவான். அந்தக் கோடுகளுக்கு நான் இன்றும் அடிமை. ஆனால் ராஜாவும் மந்திரியும் முனிவரும் நடமாடிய அந்தப் பக்கங்களில் பாம்படம் போட்ட என் அப்பத்தாவைப் போல ஒருத்தியைத் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நம் வீட்டு ஆட்களையும் படமாக வரையலாம் என்பதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

இப்போது என் பேத்தியின் அலமாரியில் உலகத்துப் பாட்டிகள் எல்லாரும் இருக்கிறார்கள். பட்ரீசியா பொலாக்கோவின் ‘தி கீப்பிங் குவில்ட்’ 1988இல் வந்தது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு யூதக் குடும்பம். பழைய உடுப்புகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். அதுவே விருந்துக்கு மேசைவிரிப்பு, கல்யாணத்தில் மணமக்கள் தலைக்குமேல் விதானம், பிறந்த பிள்ளைக்குப் போர்வை. மனிதர்களையெல்லாம் கறுப்பு வெள்ளையில் வரைந்துவிட்டு, போர்வைக்கு மட்டும் வண்ணம் கொடுத்திருக்கிறார் பொலாக்கோ. தலைமுறைகள் மாறினாலும் கண் அந்தத் துணியைவிட்டு அகலாது. சென்னையின் தூலிகா பதிப்பகமும் சந்தியா ராவ் எழுத்தில், நீனா சப்னானியின் ஓவியத்தில், அம்மாவின் சேலையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டது. நிஜச் சேலைகளின் புகைப்படத்துக்குள் வரைந்த குழந்தைகள் ஒளிந்து விளையாடுவார்கள். தூளியில் கிடந்து வளர்ந்த எனக்கு அந்தப் பக்கங்களை விளக்க ஆள் தேவைப்படவில்லை.

என்னை நிறுத்திய புத்தகம் வேறு. ஆலன் சே எழுதி வரைந்து 1993இல் வெளிவந்த ‘கிராண்ட்ஃபாதர்ஸ் ஜர்னி’. மறு ஆண்டு கால்டெகாட் பதக்கம் பெற்றது. ஜப்பானிலிருந்து வாலிபத்தில் அமெரிக்கா போன தாத்தா, அங்கே குடித்தனம் நடத்தி, ஊர் ஏக்கத்தில் மகளோடு திரும்புகிறார். போர் வருகிறது, வீடு போகிறது. கலிபோர்னியாவை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலே இறந்துபோகிறார். சின்னக் குழந்தைகளுக்கான புத்தகத்தில் இதையெல்லாம் ஆலன் சே மறைக்கவில்லை.

என் ஐயா, அப்பத்தாவின் கணவர், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே பர்மாவைவிட்டு வெளியேறினார்கள். கலேவா, தமு, பலேல், இம்பால் என்று மலையேறி, டிமாப்பூரில் ரயில் பிடித்தவர்களில் ஐயாவும் ஒருவர். அவரோடு கிளம்பிய தம்பி வழியில் காலராவுக்குப் பலியானார். ஐயா இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அப்பத்தா சொல்லி, அத்தை கேட்டு, அத்தை வழியாக எனக்கு வந்தது.

குடும்பப் பாரம்பரியம் என்று தமிழில் இன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் பல புத்தகங்களில் எனக்கு உள்ள குறை இதுதான். கோலம், பல்லாங்குழி, திண்ணை, முறுக்கு பிழியும் பாட்டி. பாட்டி எப்போதும் சிரித்தபடி இருக்கிறாள். இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் பர்மா நெல்லுக்கும் கப்பலேறிப் போன குடும்பங்கள் நம்மில் எத்தனை! 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர்! பசியும் சாவும் பிரிவும் பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஆலன் சேயின் புத்தகத்தில் போரில் போன வீட்டைப் பார்த்தும் என் பேத்தி பயப்படவில்லை. “அம்மாச்சி, உங்க ஐயா எந்த வழியா வந்தாங்க?” என்றுதான் கேட்டாள்.

அவளுக்காக ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். படம் அவள் பொறுப்பு. ஊர்ப் பெயர்களை அத்தையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்கிறோம். காலராப் பக்கத்தை விட்டுவிடலாமே என்று என் மகள் கேட்டாள். முடியாது என்றேன். சின்ன ஐயாவின் பெயர் எங்கள் வீட்டில் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை.