பதினாறும் பெற்ற கார்

2008 கோடையில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை கேலனுக்கு நான்கு டாலரைத் தாண்டியபோது, டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த ஒருவர், தம் பழைய ஜியோ மெட்ரோ காரின் இஞ்சினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதை மின்சாரத்தில் ஓடும் காராக மாற்றினார். பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டோடு சேர்ந்த கேரேஜிலேயே, வேலை முடிந்த மாலைகளிலும் சனி ஞாயிறுகளிலும் உட்கார்ந்து, ஐந்து மாதத்தில் முடித்தார். அவரைப் போன்ற உழைப்பாளிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவரைப் பாராட்டி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

கைத்திறனிலிருந்து தொடங்குகிறேன்.

ஜியோ மெட்ரோ, சுசுகி வடிவமைத்த சிறிய கார். நம் ஊரில் மாருதி 1000 என்று ஓடியதும் அந்தக் குடும்பத்து வண்டிதான். மெட்ரோவின் இஞ்சின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர். வண்டியின் எடை ஏறக்குறைய 750 கிலோ. வீட்டில் மின்கார் செய்கிறவர்கள் இதைத் தேடிப் பிடித்ததற்குக் காரணமே இந்த எடைதான். வண்டி எவ்வளவு லேசோ அவ்வளவு மின்சாரம் மிச்சம்.

மோட்டாரைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினார். ஏதோ கிடங்கில் உழைத்து ஓய்ந்த ஃபோர்க்லிஃப்டிலிருந்து கழற்றியது. அதை மெட்ரோவின் கியர்பாக்ஸோடு சேர்ப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான கட்டம். மோட்டாரின் தண்டும் கியர்பாக்ஸின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். முடியளவு விலகினாலும் அதிர்வு கிளம்பும், பேரிங் தேயும், ஒருநாள் தண்டே முறியும். அவர் முதலில் அட்டையில் அச்சு எடுத்தார். அரை அங்குல அலுமினியத் தகட்டை வெட்டி, துளையிட்டு, அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்துக் கழற்றினார். மறுபடி ராவினார். ஏழு முறை கழற்றிப் பூட்டியதை நான் பார்த்தேன். கடைசியில் மோட்டாரை ஓடவிட்டு அதன் மேல் என் கையை வைக்கச் சொன்னார். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. காதில் கேட்ட மெல்லிய சுருதியை வைத்துத்தான் அது ஓடுகிறது என்று அறிந்தேன். கடைசல் இயந்திரம் இல்லாத ஒரு கேரேஜில் அப்படி ஒரு வேலையைச் செய்தவரை எந்தத் தொழிற்கூடத்திலும் ஆசானாக உட்காரவைக்கலாம்.

அந்தத் தகட்டுக்கு ஆறு வாரம் கொடுத்தார். பேட்டரிகளை உட்காரவைக்க அவருக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

பேட்டரி பதினாறு. மணமக்களைப் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வாழ்த்துகிறோமே, அந்தக் கணக்குக்குக் குறையாமல் பெற்றது அந்தக் கார். கோல்ஃப் மைதான வண்டிகளுக்குப் போடும் 6 வோல்ட் ஈய பேட்டரிகள் அவை. ஒன்று 28 கிலோ. பதினாறும் சேர்ந்து 448 கிலோ. முன்னால் நான்கு. பின் இருக்கைக்குப் பின்னால், டிக்கியில், பிளைவுட் பலகை போட்டுப் பன்னிரண்டு. அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தது ஒரு நைலான் பட்டை. சுற்றி இரும்புச் சட்டம் இல்லை. மேலே மூடி இல்லை. ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் வரிசை கட்டி நின்ற அழகு கண்ணை நிறைக்கும்.

அந்தப் பன்னிரண்டுக்கும் நேர் முன்னால் இருந்தது அவருடைய நான்கு வயது மகளின் இருக்கை. குழந்தை இருக்கையை அவர் எப்படிப் பூட்டியிருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்: இம்மியும் அசையாது. குலுக்கிப் பார்ப்பார், பெல்ட்டின் முறுக்கை நீவிவிடுவார், கொக்கியில் ‘டக்’கென்று சத்தம் கேட்ட பிறகே கதவைச் சாத்துவார். வேகமாக மோதி நிற்கும் கணத்தில் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் இருபது மடங்கு பளுவோடு முன்னால் பாயக்கூடும். எனவே பேட்டரிப் பெட்டியை அந்த இருபது மடங்கு இழுப்பைத் தாங்குமாறு கட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஊறியவர்கள் சொல்லும் கணக்கு. 336 கிலோவுக்கு அந்தக் கணக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அன்போடு பூட்டிய கொக்கியை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, அவருடைய மனத்திடம். ஒரு பேட்டரியின் 28 கிலோ எடைக்கு ஏறக்குறைய 38 லிட்டர் பெட்ரோல் வாங்கலாம். அந்தப் பெட்ரோலில் அடங்கிய வெப்பத்தை மின்கணக்கில் சொன்னால் 340 யூனிட்டுக்குக் குறையாது. இஞ்சின் அதில் முக்கால் பங்கை வீணாக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் எண்பது யூனிட்டாவது தேறும். பேட்டரியிலோ, இருபது மணிநேரம் மெல்ல மெல்ல எடுத்தால் 1.35 யூனிட், கார் இழுப்பது போல் ஒரு மணிநேரத்தில் எடுத்தால் அதில் பாதிக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை முழுதும் அறிந்தே இறங்கினார். வெயில் காலத்தில் 60 கிலோமீட்டர் ஓடியது. மிச்சிகன் பனியில் 30 ஓடியது. இஞ்சினோடு ஹீட்டரும் போய்விட்டதால் கம்பளிக் கையுறையும் காது மூடிய தொப்பியுமாக ஓட்டினார். இதற்காக அவர் ஒருநாளும் முனகிக் கேட்டதில்லை.

கால் வலிமையையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் மிதிக்குத் துணைநின்று காலின் பாரத்தைக் குறைக்கிறது. இஞ்சினை எடுத்தவர்கள் அந்த இடத்தில் ஒரு சிறு மின்பம்பு வைத்துக்கொள்வார்கள். அவர் வைக்கவில்லை. 750 கிலோவுக்கென்று செய்த பிரேக்கை வைத்து, 1,100 கிலோவைத் தாண்டிய காரைத் தம் காலாலேயே அழுத்தி நிறுத்தினார். வண்டி எவ்வளவு பளு தாங்கும் என்று தயாரித்தவர்கள் எழுதிய தகடு கதவுத் தூணில் ஒட்டியிருந்தது. கதவைத் துடைக்கும்போதெல்லாம் அதையும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்.

ஆனால் எல்லாவற்றிலும் மேலாக நான் வியந்தது அவருடைய தைரியத்தை.

பதினாறும் தொடராகச் சேர்ந்தால் 96 வோல்ட். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்தானது என்று கார்த் தொழிலில் தனி விதிகள் உண்டு. வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் நொடிக்குப் பலமுறை சுழியத்தைத் தொட்டு மீள்வதால் சுவிட்சைத் திறந்ததும் பொறி அணைந்துவிடுகிறது. நேர்மின்சாரத்துக்கு அப்படி மூச்சு வாங்கும் இடமே இல்லை. திறந்த இடைவெளியில் பொறி வில்லாக நின்று எரியும், சுவிட்சையே உருக்கும். அதனால் நேர்மின்சாரத்துக்கென்றே செய்த சுவிட்சும் ஃபியூஸும் வேண்டும். அவர் வீட்டுச் சுவரில் போடும் பிரேக்கர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். வீட்டில் சும்மா கிடந்ததாம். சிக்கனம் அவருடன் பிறந்தது. ஃபியூஸ் வைக்கவேயில்லை. பதினாறு பேட்டரி வாங்கியவருக்கு அதன் விலை, ஒரே ஒரு பேட்டரியின் விலையைவிடக் குறைவு.

மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் பழுதானால், பெரும்பாலும் அடைத்துக்கொண்டு நிற்காது, திறந்துகொண்டு நிற்கும். முழு மின்சாரமும் மோட்டாருக்குப் பாயும். அந்த நேரத்தில் ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் இணைப்பை வெட்டும் பிடி ஒன்று இருக்க வேண்டும். அவருடைய பிரேக்கர் பானெட்டுக்குள் இருந்தது. ஃபியூஸும் பிடியும் உள்ள காரை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், அதற்குத் தைரியம் தேவையில்லை. அவருடைய காரை ஓட்டத் தேவைப்பட்டது. அது அவரிடம் குறைவின்றி இருந்தது.

கேரேஜ் சுவரில், ஓர் ஆணியில், அரை ஸ்பேனர் ஒன்று தொங்கும். பேட்டரி முனைகளின் குறுக்கே கைதவறி விழுந்து, கண் இமைப்பதற்குள் தலைப்பக்கம் உருகிப் போனது. வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். எனக்கும் காட்டினார். மற்ற ஸ்பேனர்களைப் பார்த்தேன். எதற்கும் காப்பு நாடா சுற்றியிருக்கவில்லை.

அவர் யாரிடமும் கேட்டுக் கற்றவரல்லர். கலிபோர்னியாவில் 1967இலேயே எலக்ட்ரிக் ஆட்டோ அசோசியேஷன் தொடங்கிவிட்டது. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, பழைய விமான ஜெனரேட்டர்களை மோட்டாராக்கி இந்த வேலையில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கையைச் சுட்டுக்கொண்டு கற்ற பாடங்கள் அச்சிலும் பேச்சிலும் கிடைத்தன. இவர் ஒவ்வொன்றையும் தாமே புதிதாகக் கண்டுபிடித்தார். பளு இல்லாமல் விட்டால் அந்த மோட்டார் வேகம் ஏறி ஏறிச் சிதறிவிடும் என்பதை, ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே கிளட்சை அழுத்திய ஒரு காலையில், அது ஊளையிட்ட சத்தத்திலிருந்து கற்றார். கற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. அக்கம்பக்கத்து இளைஞர்கள் இருவர் அவரிடம் வந்து, பார்த்து, படம் வரைந்துகொண்டு போனார்கள். அவர்கள் செய்த காரையும் பிறகு பார்த்தேன். குருவை அணுவும் பிசகாமல் பின்பற்றியிருந்தார்கள்: அதே பிளைவுட், அதே நைலான் பட்டை, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதே வெறுங்கேபிள். ஆண்டுதோறும் காரைப் பரிசோதிக்கும் வழக்கமும் அந்த மாநிலத்தில் இல்லை. ஆகவே மூன்று கார்களுக்கும் அவர் கண்தான் ஒரே சோதனை.

நான் சொல்லாமல் இல்லை. ஒரு ஞாயிறன்று, பேட்டரிகளின் நாற்பத்தெட்டு மூடிகளையும் திறந்து அவர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தபோது உடன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வோர் அறையாக ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே, பொறுமையாகக் கேட்டார். அந்த நோட்டுப் புத்தகத்தை என்னிடமே கொடுத்தார். வாரம் தவறாத எண்கள், அச்சடித்தது போன்ற எழுத்து. டிக்கி ஓரத்து இரண்டு பேட்டரிகள் மூன்றாம் மாதத்திலிருந்தே சரிவதை அந்த எண்கள் பளிச்சென்று சொல்லிக்கொண்டிருந்தன. ‘ஆமாம், பார்த்தேன்’ என்றார். ஃபியூஸ் பற்றிக் கேட்டேன். காருக்கு இரண்டாம் கோட் வண்ணம் பூசி முடித்ததும் வாங்குவதாகச் சொன்னார். வண்ணம் மிக நன்றாக வந்தது. கரும்பச்சை.

இன்னொன்று. ஈய பேட்டரி நிரம்பும் தறுவாயில் ஹைட்ரஜன் வெளிவிடும். அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். குளிர் தாங்காமல் கேரேஜ் கதவை இறுக மூடித்தான் இரவெல்லாம் சார்ஜ் போடுவார். கேரேஜுக்கு நேர் மேலே பிள்ளைகள் தூங்கும் அறை. சார்ஜ் முடியும் நேரம் பார்த்து அலாரம் வைத்து, இரவு இரண்டு மணிக்கு எழுந்து கீழே வருவார். கேரேஜ் விளக்கு எரிவது எங்கள் சன்னலில் தெரியும். வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கத்தான் வருகிறாராம். ஹைட்ரஜனுக்கு வாடை கிடையாது. பகல் முழுதும் உழைத்த மனிதர், பிள்ளைகளுக்காக அந்தக் குளிரில், ஓர் இரவுகூடத் தவறாமல், இறங்கி வந்து சுவரில் கைவைத்து அந்த விளக்கின் சுவிட்சைப் போட்டார்.