வேலி முதல், வீடு பிறகு: யாழ்ப்பாணச் சிறாரின் பாவனை ஊர் அமைப்பு பற்றிய ஓர் ஆய்வு

யாழ்ப்பாண வளவுகளின் கோடிப்புறத்தில், மாமர நிழலில், ஏழெட்டு வயதுச் சிறார் தலைமுறை தலைமுறையாக ஊர்களை அமைத்து வந்திருக்கிறார்கள். அறிஞர் உலகம் அவற்றைச் 'சோறு கறி விளையாட்டு' என்று தள்ளிவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. கள ஆய்வு கட்டுரையாளரின் சொந்த வளவில், அவருடைய சொந்த முழங்கால் தேய நடைபெற்றது.

1. முதற்பொருள்

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். இவ்வூர்களின் பெரும்பொழுது பள்ளி விடுமுறை. சிறுபொழுது, பெரியவர்கள் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். நிலத்தைப் பொறுத்தவரை, 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர். பாவனை ஊருக்கோ ஒரு பாயளவு போதும். ஆனால் அந்தப் பாயளவுக்கும் ஈர்க்கு நட்டு முதலில் வேலி அடைக்கப்படும். வீடு, கிணறு, குடும்பம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

விளையாட்டு என்பது உலகத்திலிருந்து பிரித்தெடுத்த ஓர் எல்லைக்குள் நடப்பது என்று 1938இல் எழுதினார் ஒல்லாந்து அறிஞர் ஹெய்சிங்கா. நமது காணி வழக்கங்களைத் தேசவழமை என்று 1707இல் தொகுப்பித்தவர்களும் ஒல்லாந்தரே. ஆக, நம் எல்லைச் சிக்கலில் அந்நாட்டாருக்கு நெடுநாள் அக்கறை உண்டு. ஆயினும் இரவோடிரவாக வேலிக் கதியால் நகரும் மர்மம் இரு நூலாருக்கும் பிடிபடவில்லை. சிறார் அதை ஈர்க்கிலேயே பயின்றுவிடுகிறார்கள்.

2. கருப்பொருள்

தெய்வம்: வைரவர், ஒரு கல்லும் ஒரு கவர்த்தடியும். உணவு: சிரட்டையில் அவித்த மண் புட்டு. நாணயம்: பூவரசம் இலை, மரம் உள்ள வீட்டுப் பிள்ளையே மத்திய வங்கி. நிறுவனம்: சங்கக்கடை. போக்குவரத்து: நுங்குக் கோம்பையில் செய்த வண்டில், அதுவே தட்டிவான். நீர்நிலை: புதைத்த சிரட்டைக் கிணறு. எவரும் ஆறு வெட்டியதில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிரக் குடாநாட்டில் வேறு ஆறு இல்லாததால், கற்பனையும் கிணற்றளவிலேயே நின்றது. 1990க்குப் பின் ஊர்ப் படத்தில் இன்னொன்று சேர்ந்தது: பங்கர். அதை மட்டும் பிள்ளைகள் பார்த்ததைப் பார்த்தபடியே வெட்டினார்கள்.

3. உரிப்பொருள்

சந்தேகமின்றி ஊடல். அம்மா யார், கடைக்காரர் யார் என்பதில் தொடங்கும். ஆகச் சிறிய பிள்ளைக்குக் குழந்தை வேடம். அதுவும் கிடைக்காவிட்டால் நாய். யாரோ அலாப்புவார். யாரோ ஊரைக் காலால் உதைப்பார். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைப்பதற்கென்றே ஒரு பருவம் உண்டு என்பதால், உதைத்தவருக்கு இலக்கிய ஆதரவும் இருக்கிறது.

4. முடிவுகள்

முதலாவது: நேரத்தின் பெரும்பகுதி ஊரைத் திட்டமிடுவதிலேயே போகிறது. வேடங்கள் முடிவாகி, "சரி, இப்ப விளையாடுவம்" என்றதும் வீட்டிலிருந்து கூப்பிடும் குரல் கேட்கிறது. ஆகவே திட்டமிடலே விளையாட்டு.

இரண்டாவது: ஊருக்கு மக்கள் வந்த வழி படலை அன்று, வேலியில் இருந்த பொட்டு. பெரியவர்கள் காணிச் சண்டையில் முகம் பார்க்காத காலத்திலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்குள்ளால் புகுந்து வந்து சங்கக்கடையைத் திறந்தது.

இன்று கிடுகும் கதியாலும் போய் மதில் வந்துவிட்டது. மதிலில் பொட்டு விழாது. எனவே மதில் கட்டுவோருக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: ஒரு பிள்ளை குனிந்து வரும் அளவுக்கு, இரண்டு கல்லைக் குறைத்துக் கட்டுங்கள்.