பலாட்ரோவின் பத்தழகும் பதினொரு குற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

நூலுக்குப் பத்து அழகும் பத்துக் குற்றமும் உண்டெனத் தொகுத்துரைத்த நன்னூலார், கணினி விளையாட்டுக்கு அளவுகோல் ஏதும் தராமல் போய்விட்டார். அக்காலத்தில் மின்சாரம் இல்லாமையே காரணம் என்க. அந்தப் பெருங்குறையை இக்கட்டுரை தீர்க்கிறது. ஆய்வுப் பொருள், 2024 பிப்ரவரியில் வெளிவந்த பலாட்ரோ. கருதுகோள் ஒன்றே: ஆடுகிறவர் தம் தலையில் கணக்குப் போடும்வரை இவ்வாட்டத்தில் தென்படுவன அழகுகள், கணக்கு அவர் கையைவிட்டுப் போனபின் தென்படுவன குற்றங்கள்.

நூல்மரபு

முதல்நூல், 1980-இல் தோன்றிய ரோக். செத்தால் செத்ததுதான்; மறுபடி முதற்படியிலிருந்து, வேறொரு நிலவறையில். அந்நெறியோடு சீட்டுச் சேர்க்கும் தொழிலை இணைத்துப் புகழ்பெற்ற வழிநூல், 2019-இல் முழுமையாக வெளியான ஸ்லே த ஸ்பையர். வாளையும் அரக்கனையும் நீக்கி, அவ்விடத்தில் போக்கர் சீட்டைக் குடியேற்றிய பலாட்ரோ சார்புநூல். இயற்றியவர் லோக்கல்தங்க் என்ற புனைபெயருக்குள் மறைந்து வாழும் கனடா நாட்டார். இயற்பெயர் தெரியாமலே நிலைத்துவிட்ட சங்கப் புலவர் செம்புலப்பெயனீராருக்கு இவ்வகையில் உறவினர்.

நூற்பொருள் வருமாறு. கையில் எட்டுச் சீட்டு. ஐந்துவரை இறக்கலாம். ஜோடி, ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸ் என இறக்கிய சேர்க்கைக்கு ஏற்பச் சிப் ஓர் எண், மல்ட் ஓர் எண். இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண். நான்கு முறை இறக்கலாம், மூன்று முறை கழித்துப் போடலாம். அதற்குள் முதல் சுற்றில் 300 எடுக்கவேண்டும். ஒரு கட்டத்துக்கு மூன்று சுற்று; மூன்றாவது, தனி விதி போடும் பாஸ் சுற்று. எட்டுக் கட்டம் தாண்டினால் வெற்றி. இடையிடையே கடை, கடையில் மதிப்பெண்ணை ஏற்றித்தரும் ஜோக்கர். மொத்தம் 150 ஜோக்கர்கள் உண்டு, வைத்துக்கொள்ள இடமோ ஐந்து.

அழகுகள்

முறையின் வைப்பு: ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்யும். ஐந்தும் ஒரே இனமாக ஏஸ், ராஜா, ராணி, ஒன்பது, ஐந்து இறக்குவதாகக் கொள்வோம். ஃப்ளஷுக்கு 35 சிப், சீட்டுகளுக்கு 45, ஆகமொத்தம் 80, மல்ட் 4. நம்மிடம் மல்ட்டோடு நான்கைக் கூட்டும் ஜோக்கரும் அதை மூன்றால் பெருக்கும் ஜோக்கரும் உள்ளன. கூட்டுகிறவரை இடப்புறம் உட்காரவைத்தால் மல்ட் 24, மதிப்பெண் 1,920. வலப்புறம் வைத்தால் மல்ட் 16, மதிப்பெண் 1,280. இரண்டாம் கட்டத்தின் பாஸ் சுற்று பொதுவாகக் கேட்பது 1,600. பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாதவர் கல்யாணமும் நடத்தக்கூடாது, பலாட்ரோவும் ஆடக்கூடாது.

உலகம் மலையாமை: குரோ மிஷேல் என்றொரு வாழைப்பழ ஜோக்கர் மல்ட்டோடு 15 கூட்டும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அது அழிந்துபோக ஆறில் ஒரு வாய்ப்பு. அழிந்தபின்னரே கேவண்டிஷ் என்ற பழம் கடைக்கு வரும். அது மல்ட்டை மூன்றால் பெருக்கும், அழிய ஆயிரத்தில் ஒரு வாய்ப்பே. மெய்யுலகில் பனாமா வாடல் நோயால் குரோ மிஷேல் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து வீழ்ந்ததும், அவ்விடத்தைக் கேவண்டிஷ் பிடித்ததும் வேளாண் வரலாறு. அற்றேல், நோய் நாடியது கடைக்காரரா ஆடுகிறவரா எனின், ஆடுகிறவரே. பழம் எப்போது அழுகும் என்று காத்திருக்கும் வாழை விவசாயியை வேறெங்கும் காணமுடியாது.

ஓசையுடைமை: ஒரே மெட்டு, கடைக்கும் பாஸுக்கும் சற்றே நிறம் மாறி ஒலிக்கிறது. சீட்டுகள் ஒவ்வொன்றாக மதிப்பெண் சேர்க்கும்போது ஒலியின் சுருதி ஏறுகிறது. இலக்கைத் தாண்டும் கை என்றால் எண்ணின்மேல் தீப்பற்றுகிறது.

குற்றங்கள்

மயங்க வைத்தல்: இறக்கும் முன் மொத்தம் எவ்வளவு வரும் என்று ஆட்டம் சொல்லாது. பெருக்கலுக்கென்றே பிறந்த கருவியில் ஓடும் மென்பொருள், பெருக்கலை மனிதன் தலையில் கட்டுகிறது. வழக்குத் தொடுப்போர் பலர். ஆயினும் விடையை முன்பே காட்டியிருந்தால், பெரிய எண் வரும்வரை சீட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதே ஆட்டமாகிவிடும். தீயைக் கண்டு திடுக்கிடவும் வழியில்லை. ஆதலின் இஃது அழகு வரிசைக்கு மாற்றப்படுகிறது.

கூறியது கூறல்: ஹேக் என்னும் ஜோக்கர், இறக்கி எண்ணப்படும் 2, 3, 4, 5 ஆகியவற்றை இருமுறை எண்ணவைக்கும். இதற்குப் பரிசு. ‘கண்’ என்னும் பாஸோ ஒரு சுற்றில் ஒருவகைக் கையை இருமுறை ஆடவிடாது. ‘வாய்’ என்னும் பாஸ் ஒரேவகைக் கையைத்தான் ஆடவிடும். குற்றமா அழகா என்பது எதிரில் நிற்கும் உறுப்பைப் பொறுத்தது.

மாறுகொளக் கூறல்: இக்குற்றம் நூலின்கண் இல்லை, தரம் பிரித்தவர்கண் உண்டு. சூதாட்டச் சாயல் கண்டு ஐரோப்பியத் தர அமைப்பான பெகி 2024-இல் இதற்கு 18 வயது வரம்பிட்டது. ஆட்டத்துக்குள் உண்மைப் பணம் ஒரு காசும் புழங்குவதில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத வீரர்பொட்டலத்தை உண்மைக் காசுக்கு விற்ற கால்பந்து ஆட்டத்துக்கோ அப்போது வரம்பு 3 வயது. மேல்முறையீட்டின்பின் 2025-இல் பலாட்ரோவின் வயது 12-ஆகக் குறைந்தது. ஓராண்டுக்குள் ஆறு வயது இளமையான நூல் பிறிதொன்றில்லை.

நின்று பயனின்மை: கடுமைநிலைகள் எட்டு. நான்காம் நிலை முதல் சில ஜோக்கர்களை விற்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஏழாம் நிலை முதல் சில ஜோக்கர்கள் ஐந்து சுற்றுக்குப்பின் செயலற்று, இடத்தை மட்டும் அடைத்து நிற்கும். இங்கே கணக்கைவிட முதற்கடையில் கிடைத்த சரக்கே பெரிதும் தீர்ப்புச் சொல்கிறது. உண்மையான குற்றம் இதுவே.

சென்று வீங்கி இறுதல்: நன்னூலார் கண்டது சென்று தேய்ந்து இறுதல். தேய்வதற்கு எதிரான நோயை அவர் அறியார். அதைப் பதினொன்றாகச் சேர்க்கிறோம். எட்டுக் கட்டம் வென்றபின் முடிவிலா ஆட்டம் திறக்கும். இலக்கு கோடியைத் தாண்டி, பெயரில்லாத எண்களுக்குள் நுழைகிறது. ஆடுகிறவருக்கு இப்போது வேலை பொத்தான் அழுத்துவது மட்டுமே. மதிப்பெண் 309 இலக்க எல்லையையும் மீறினால், எண்ணுக்குப் பதிலாக ‘நானெயின்ஃப்’ என்று திரையில் வரும். அது எண்ணே அன்று. நமக்குக் கணக்குச் சொல்லமாட்டேன் என்றிருந்த மென்பொருள், கடைசியில் தனக்கே கணக்கு வராமல் நிற்கிறது.

புறனடை

எட்டாம் கட்டத்தில் வென்றவர் அத்தோடு எழுந்துவிடுக. எழாதவருக்கு மேற்கண்ட இலக்கணம் எதுவும் பொருந்தாது.