பாக்கெட்டு மண்ணு

வே மாப்பிள்ளே, பிள்ளைய வெளிய விடாதேயும். நல்ல காரியந்தான் பண்ணுதீரு. தெருவுல மண்ணு கெடக்கு, மண்ணுல கிருமி கெடக்கு. வெயில்ல நின்னா பய கறுத்துப்போவான், நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வயசு ஆறுதான் ஆவுது. இருந்தாலும் முன்யோசனை வேணும்லா?

அப்புறம், ‘பய எந்நேரமும் செல்லும் கையுமா கெடக்கான் மாமா’ன்னு எங்கிட்ட வந்து பொலம்புதீரு. வேற எங்கவே போவான்? கோயிலுக்குப் பொறத்தால சடுகுடு ஆடுன பொட்டல்ல கல்லு ஊனி மனை போட்டாச்சு. வடக்கு மனை ஒம்ம பேர்லதான் இருக்கு, மறந்துபோச்சோ? கிட்டிப்புள்ளு அடிச்ச தெருவுல ரெண்டு பக்கமும் காரு நிக்குது. புள்ளு தெறிச்சுக் கண்ணாடியில பட்டா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மொத ஆளா நீருதான் வருவீரு. பள்ளிக்கூடத்துல பி.டி. பீரியடுன்னு ஒண்ணு உண்டு. அதையும் கணக்கு வாத்தியாரு கடன் வாங்கிக்கிடுதாரு. அந்தக் கடனத் திருப்பிக் குடுத்த வாத்தியார நான் இன்னும் பாக்கல. சாயந்திரம் டியூசன். ஞாயித்துக்கெழமை அபாகஸ்.

வெளையாட்டே இல்லன்னு சொல்லப்படாது. டவுனு மால்ல மணிக்கணக்குக்குத் துட்டு கட்டி, சாக்ஸுக்குத் தனித் துட்டு அழுது, பிளாஸ்டிக் பந்துக்குள்ள முக்கி எடுக்கீரு. பாக்கெட்டுல அடைச்ச மண்ணக்கூட வெல குடுத்து வாங்குதீரு. லீவு விட்டா ‘பாரம்பரிய வெளையாட்டு முகாமு’. பாண்டி ஆட பீசு! ஒம்ம ஆத்தா ஒரு ஓட்டுச் சில்ல வச்சுக்கிட்டு ஓசியில ஆடுன ஆட்டம்வே அது.

பயலுக்குக் கண்ணாடி போட்டாச்சாம்லா? தைவான்காரன் 2010-லேயே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளத் தெனம் 2 மணி நேரம் வெளிய தொரத்த ஆரம்பிச்சுட்டான். பகல் வெளிச்சம் பட்டா கிட்டப்பார்வை வாரது கொறையுமாம். உலக சுகாதார நிறுவனமும் 5 வயசுலேர்ந்து 17 வரைக்கும் தெனம் 60 நிமிசமாவது ஒடம்பு அசையணும்னு எழுதி வச்சிருக்கு. அவுகளுக்கு என்ன தெரியும்? நம்ம ஊர்ல வெயில ரேசன்லல்லா போடுதாக! அதான் வைட்டமின் டி மாத்திரைய வாங்கி முழுங்கச் சொல்லுதோம்.

ஒண்ணு செய்யும். வீடு கட்டுத வரைக்குமாவது அந்த வடக்கு மனை முள்வேலிய அவுத்துவிடும். டியூசனுக்கு வாரத்துல ரெண்டு நாளு மட்டம் போடச் சொல்லும். ஒம்ம பய எறங்கி நின்னா மத்த பயலுவ தானா வந்துருவானுவ. நீரு கார மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கிடும்.