பழி சார்த்துப் படலம்: ஆர்.சி. பிளேன் வீழ்ச்சி குறித்து மூன்று மும்பை மரபுகள்

பறந்தது வீழின் பழியெலாம் அலைக்கே
இறந்தது பேசா தாதலின் இனிதே.

என்பது சூத்திரம். இது என்னுதலிற்றோ எனின், ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் விழுந்தவழிப் பழி சார்த்துமாறு உணர்த்துதல் நுதலிற்று. ‘அலைக்கே’ என்ற ஏகாரம் பிரிநிலை. அதனால் பேட்டரி, வயர், விரல் மூன்றும் விலக்கப்பட்டன. ‘இறந்தது’ என்றது பிளேனுக்குள் அலையை வாங்கும் ரிசீவரை. உலக வழக்கில் இச்சூத்திரத்தை ‘சிக்னல் போச்சுப்பா’ என்று சுருக்கமாக ஓதுவர். ஓதுபவரே அந்தப் பிளேனை ஒட்டியவர், சோல்டர் வைத்தவர், ஓட்டியவர் என்பதை உரையாசிரியர்கள் ஏனோ கண்டுகொள்ளவில்லை.

ஆய்வுக்களம் மாட்டுங்கா, தாராவி, செம்பூர். இங்கே ஒரு சிக்கல். மூன்றும் மும்பை விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அடங்குபவை. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி அந்த வட்டத்துக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடத்தக்க பச்சை மண்டலமே கிடையாது. போதாக்குறைக்கு மும்பைக் காவல்துறை அவ்வப்போது போடும் தடையுத்தரவில் டிரோன், பாராகிளைடரோடு ரிமோட்டில் இயங்கும் சிறு விமானமும் பெயர் சொல்லி இடம்பெறும். கடற்கழி தாண்டி நவி மும்பைப் பக்கம் தப்பிப் போனவர்களைத் துரத்திக்கொண்டு 2025 அக்டோபரில் அங்கேயும் ஒரு விமான நிலையம் திறந்துவிட்டார்கள். ஆகவே பிளேன் விழுவது எங்கோ தொலைவில். பிரேதப் பரிசோதனை மட்டும் இம்மூன்று பேட்டைகளில். ஆய்வாளனுக்கு இதுவே வசதி. வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

சிக்னலின் மேல் சொல்லும் பழி எக்காலத்தும் பொய் என்று வாதிட வரவில்லை. நிகோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரேடியோ அலையால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். அதற்கு அடுத்த நூற்றாண்டு முழுக்க அலை குற்றவாளியாக இருந்ததுண்டு. 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒவ்வொரு ரிமோட்டிலும் சேனலைத் தீர்மானிக்கும் ஒரு கிரிஸ்டல். ஒரே சேனல் கிரிஸ்டலோடு இன்னொருவர் சுவிட்சைத் தட்டினால் போதும், வானத்தில் இருக்கும் பிளேன் யார் பேச்சையும் கேட்காது. அதனால்தான் மைதானங்களில் பலகை வைத்து, சேனலுக்கு ஒரு கிளிப் மாட்டினார்கள். கிளிப் கையில் இல்லாதவன் ரிமோட்டைத் தொடக்கூடாது. 2005ஐ ஒட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்தன. ரிசீவரைத் தன் ரிமோட்டோடு ‘பைண்ட்’ செய்துவிட்டால், பக்கத்தில் பத்து ரிமோட் எரிந்தாலும் அது தன் ரிமோட்டுக்கே கட்டுப்படும். கிளிப் போயிற்று, பலகை போயிற்று. பழி மட்டும் போகவில்லை.

இவ்விடத்தில் ஓர் இடைச்செருகல். 1895இல் சௌபாத்திக் கடற்கரையில் சிவகர் பாபுஜி தல்படே ஆளில்லா விமானம் பறக்கவிட்டார், அது உயரப் போய் விழுந்தது என்று மும்பையில் ஒரு கதை உண்டு. அக்கதையோடு சேர்த்துப் பேசப்படும் வைமானிக சாஸ்திரம் என்னும் நூலை 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் அலசி, அதில் சொன்ன விமானங்கள் பறக்கமாட்டா என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் ஏரோடைனமிக்ஸ் எல்லாம் பார்த்தது வீண் வேலை. கதை சொல்பவர்கள் விழுந்தது என்கிறார்கள்; ‘சிக்னல் போச்சு’ என்று யாரும் சொன்னதாகக் கதையில்கூட இல்லை. எனவே பறந்திருக்க முடியாது.

மாட்டுங்கா மரபினர் அலைவாதிகள். வி.ஜே.டி.ஐ. போன்ற கல்லூரி வாடை அடித்தவர்கள். ராம நாயக் உடுப்பியில் டோக்கனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆன்டெனா பேசுவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதில் கால்பங்கு 31 மில்லிமீட்டர், ரிசீவர் ஆன்டெனாவின் முனையில் வேலை செய்வது அந்தத் துண்டுதான், இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்க வேண்டும், கார்பன் ஃபைபர் குழாய்க்குள் ஒளித்து வைக்கக்கூடாது. அத்தனையும் உண்மை. பவரைக் குறைத்து முப்பது தப்படி நடந்து ரேஞ்ச் செக் செய்யச் சொல்வதும் நல்ல யோசனை. ஆனால் இவர்கள் பிளேனைத் தொடுவதே இல்லை என்பது எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு.

செம்பூர் மரபினர் பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். சாத்திரம் ஒரே கேள்வியில் முடிந்துவிடும்: “கிளம்பறதுக்கு முன்னாடி செக் பண்ணினியா?” ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கையின் அய்லரான் மடல் மேலே போகிறதா, கீழே போகிறதா? அதை அசைக்கும் சர்வோ என்னும் குட்டி மோட்டாரை மாற்றிய கையோடு திசை தலைகீழாகிப் போனதைப் பார்க்காமல் ஏற்றி, மூன்றே விநாடியில் மண்ணைக் கவ்விய பிளேன்கள் எல்லாம் கணக்கில் ‘சிக்னல்’ என்றே பதிவாகியுள்ளன.

தாராவி மரபுதான் இவ்வாய்வின் உயிர். 90 அடி சாலைக்கு உள்ளே, திருநெல்வேலிப் பேச்சு மாறாத ஒரு ரிப்பேர் மேசை. ஒடிந்த தெர்மோகோல் இறக்கையை ஓரமாகத் தள்ளிவிட்டு அண்ணாச்சி பேட்டரியை மாட்டுகிறார். ரிசீவரில் சிவப்பு விளக்கு அசையாமல் எரிகிறது. சர்வோக்கள் சட்டென்று திரும்புகின்றன. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது!

“பாத்தீங்களா அண்ணாச்சி, பிளேன்ல ஒண்ணும் இல்ல. சிக்னல்தான்” என்றார் பிளேனின் உரிமையாளர்.

“பேசாம இருல.”

நோய் வானத்தில் மட்டும் இருக்கும், மேசைக்கு வந்தால் குணமாகிவிடும். இதற்கு விளக்கம் அண்ணாச்சி கையில் உண்டு. மோட்டாரை ஓட்டும் ஸ்பீடு கன்ட்ரோலருக்குள் இருக்கும் பி.இ.சி. என்னும் சிறு சர்க்யூட்தான் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கிறது. காற்றில் நாலு சர்வோவும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டினால் அந்த 5 இறங்கும். ரிசீவரின் வகையைப் பொறுத்து 4, மூன்றரை என்று கீழே போனதும் அது அணைந்து மறுபடி உயிர் பெறும். அதற்குள் ஓரிரு விநாடி. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் போகும் பிளேன் அந்த நேரத்தில் இருபத்தைந்து மீட்டர்கூடப் போய்விடும். தரை அதைவிடப் பக்கத்தில் இருக்கும். விழுந்தபின் பளு இல்லை, வோல்ட்டேஜ் ஏறிவிடுகிறது, சாட்சி கலைந்துவிடுகிறது.

அண்ணாச்சி ரிசீவரின் காலி சேனலில் மல்ட்டிமீட்டர் முனைகளைச் செருகினார். 5.0. இரண்டு சர்வோக் கைகளை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு, “ஸ்டிக்க முழுசாத் தள்ளு” என்றார். உர்ர் என்று முனகல். 4.6, 4.1, 3.7. விளக்கு அணைந்தது. விரலை எடுத்தார், விளக்கு மறுபடி எரிந்தது. பேட்டரி கனெக்டரைத் திருப்பிக் காரணத்தைக் காட்டினார்: சோல்டர் மங்கலாக, பொரிப்பொரியாக, வயரைத் தொட்டதும் அசைந்தது.

உரிமையாளர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, உங்க மீட்டர்ல செல் மாத்தி எம்புட்டு நாளாச்சு?”