வண்டி ஏறி வந்த எஞ்சின்

மொரப்பூருக்குச் சின்ன ரயில் எஞ்சின் எப்படி வந்து சேர்ந்தது என்று ஆயா சொன்னதே இல்லை. அது ஓடிய கதையைத்தான் சொல்வாள். ஓடும்போதே இறங்கி, புளியங்காய் பொறுக்கிக்கொண்டு, மறுபடி ஓடி ஏறிக்கொள்வார்களாம். சின்ன ரயில் ஓடிய ஊர்களில் எல்லாம் ஆயாக்கள் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சில ஊர்களில் புளிக்குப் பதில் மாங்காய்.

ரிட்டயர் ஆனதும் மாடி அறையில் ப்ளைவுட் பலகை போட்டு 1906-ம் வருஷத்து மொரப்பூரைக் கட்ட உட்கார்ந்தேன். மொரப்பூர் - தருமபுரி பாதை திறந்தது அந்த வருஷம்தான். 1913-ல் ஓசூர் வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் சூடு கண்ட வெள்ளைக்கார சர்க்கார், பஞ்சம் வந்தால் தானியம் போய்ச் சேரட்டும் என்று போட்ட பாதைகளில் இதுவும் ஒன்று. சிக்கனத்துக்காக இரண்டரை அடி நேரோ கேஜ். சென்னையிலிருந்து வரும் பெரிய பாதையோ ஐந்தரை அடி பிராட் கேஜ். ஆக, பசித்தவன் வாய்க்குப் போகிற மூட்டையும் மொரப்பூரில் ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும்.

எஞ்சினுக்கும் அதே கதிதான். இரண்டரை அடிச் சக்கரம் ஐந்தரை அடித் தண்டவாளத்தில் எப்படி உருளும்? பெரிய ரயிலின் வேகன் மேல் உட்கார்ந்து, மூட்டையோடு மூட்டையாகத்தான் வந்திருக்கும். படம் எதுவும் என்னிடம் இல்லை. கணக்குதான் சாட்சி. பலகையில் நான் காட்ட நினைத்ததும் அந்த ஒரு காட்சிதான்: வேகனிலிருந்து ஸ்லீப்பர் கட்டைகளைச் சரிவாக அடுக்கி, வடம் பிடித்து எஞ்சினை இறக்குவது.

87-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் நேரோ கேஜ் ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குத் தண்டவாளம் ரெடிமேடாகவே கிடைக்கிறது, ஆஸ்திரியாக்காரர்கள் புண்ணியத்தில். அவர்கள் ஊர்ச் சின்ன ரயிலும் கிட்டத்தட்ட இதே அகலம். நம் பிராட் கேஜுக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கடையில் கிடைப்பது ஐரோப்பிய ரயிலுக்கான பதினாறரை. அதனால் என் மொரப்பூரில் மெயின் லைன் ஐரோப்பாவைச் சேர்ந்தது. எஞ்சினும் ஆஸ்திரியப் பிறவிதான், கறுப்புப் பெயின்ட் அடித்து ஊர்க்காரன் ஆக்கினேன். பார்சல் மூன்று மாதம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, புகைபோக்கி முறிந்து வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை இதைவிடப் பத்திரமாக வந்திருக்கும்.

ஸ்லீப்பர் கட்டைக்கு ஊதுபத்திக் குச்சி. ஜல்லிக்கு என்ன செய்வது? இது தருமபுரி ஆயிற்றே, சமையலறையில் கேழ்வரகு இருந்தது. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாய் விட்டுக் காய வைத்தேன். பார்க்க அசல் ஜல்லி மாதிரியே இருந்தது, எறும்புக்குத் தெரிகிறவரை. நாலாம் நாள் காலையில் பார்த்தால், தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு சாரி மொரப்பூரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, ஆளுக்கு ஒரு ஜல்லி. பஞ்சத்துக்குப் போட்ட பாதை ஒருவழியாய் யாருக்கோ சோறு போட்டது! அசல் பாதையை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்து எடுத்துப் போனார்கள். அவர்கள் தண்டவாளத்தை எடுத்துக்கொண்டார்கள். எறும்புகள் அதையாவது விட்டுவைத்தன.

ஆயா காலத்தில் தருமபுரியிலிருந்து சென்னைக்குப் போக, சின்ன ரயிலில் மொரப்பூர் போய்ப் பெரிய ரயிலைப் பிடித்தார்கள். இப்போது பஸ்ஸில் மொரப்பூர் போய்ப் பிடிக்கிறோம். 36 கிலோமீட்டருக்குப் புதுப் பாதை என்று 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதன்பின் நில எடுப்புப் பேச்சு வருஷக்கணக்கில் நடந்தது. என் பலகையில் நில எடுப்புச் சுலபம். மனைவி துணி மடிக்கிற இடத்தைக் கேட்டேன், முறைத்தாள், எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் பேரன் வந்திருந்தான். வடத்தை நூல் நூலாக இழுத்து, எஞ்சினைச் சரிவில் அரை அங்குலம் இறக்கிக் காட்டினேன்.

"தாத்தா, ரயிலு ஏன் ரயிலு மேல ஏறி வருது?"

ஊட்டி ரயிலுக்குப் பொன்மலையில் செய்கிற எஞ்சினும் லாரியில் ஏறித்தான் மேட்டுப்பாளையம் போகிறது, கேஜ் வேறுடா என்று விளக்க ஆரம்பித்தேன். அவனுக்கு லாரி என்ற சொல் மட்டும் போதுமாக இருந்தது. தன் பொம்மை லாரியைக் கொண்டுவந்தான், எஞ்சினைத் தூக்கி அதில் வைத்தான், ஊதுபத்திக் கட்டைகளை முழங்கையால் தள்ளிவிட்டு, பலகை ஓரமாகவே உருட்டிக்கொண்டு தருமபுரி போய்விட்டான்.